சந்தனம் பட்ட ஃபிளாப்பிகள்

கம்பெனி ஆயுத பூஜைக்குப் பழைய ஆளான என்னையும் மறக்காமல் கூப்பிட்டீர்கள். பொரியும் சுண்டலும் நன்றாக இருந்தன. அதற்கு மேல் நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து மோர் குடித்துப் பார்த்தேன், கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சர்வர் அறையின் வாசலில் ஒரு பலகை மாட்டி வைத்திருக்கிறீர்கள். ‘அதுல கை படக்கூடாதுங்க’ என்று பெரிய எழுத்து. கீழே பெரிய ஐயாவின் பெயர். அதன் முன்னால் நின்று, உங்களில் மூத்தவர் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை ஆட, புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிளாப்பி காலத்தில், ஒரு பூஜையன்று, எல்லோரும் பக்தி முற்றிப்போய் ஃபிளாப்பிகளுக்குச் சந்தனம் வைக்கப் போனார்களாம். பெரிய ஐயா ஓடி வந்து இந்த வார்த்தையைச் சொல்லித் தடுத்தாராம். கம்பெனியே பிழைத்ததாம். ஒரு பெண் மட்டும், “நிஜமாவா சார்? அவருக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டாள். “கேள்வியெல்லாம் அப்புறம் வெச்சுக்கம்மா” என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

பொய். தலை முதல் கால் வரை பொய். நான் அந்த அறையில் இருந்தவள். செத்துப்போன மனுஷரைக் குறை சொல்லலாமா என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். அவர் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொன்னவள்தான் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வேலம்பாளையத்தில் அப்போது நம் பனியன் கம்பெனிக்கு இரண்டு ஷெட்தான். நான் நெசவுக் குடும்பத்துப் பெண், டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, திரைச்சீலை, ஏசி. தையல் பிள்ளைகள் ஷெட்டில் வேர்த்து ஊற்ற, அது மட்டும் குளிரில் உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த அறையில் இரண்டு பேருக்கு வேலை. ஒருத்தி நான். இன்னொருத்தி ஜெசிந்தா. பல்லடத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கான்வென்ட்டில் படித்த பெண், என்னைவிடச் சின்னவள்.

கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராமை எழுதியது கோயம்புத்தூர்க் கன்சல்டன்ட் ஒருவர். டை கட்டியிருப்பார். டிபேஸ் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் அது. ஆர்டர், கட்டிங், பேக்கிங் மூன்றும் அதற்குள் இருந்தன. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் புதிதாக ஒரு சைஸ் கேட்டால்கூட அதை உள்ளே சேர்க்க இவர் வர வேண்டும். வருவார், நாலு தட்டுத் தட்டுவார், போவார். என்ன செய்தார் என்று கேட்டால் சிரிப்பார்.

அட்டைப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஒட்ட ஒரு சீட்டு வேண்டும். பெட்டி எண், கலர், சைஸ், எத்தனை உருப்படி. இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருந்தன. ஆனாலும் நான் ஒவ்வொரு சீட்டையும் டைப்ரைட்டரில் மறுபடி அடித்துக்கொண்டிருந்தேன். இருப்பதை அதுவே அச்சடிக்கக் கூடாதா என்று கன்சல்டன்ட்டைக் கேட்டேன்.

“அதெல்லாம் புரோகிராமிங் மேடம். நீங்க டைப் அடிங்க, அது போதும்.”

நான் புரோகிராமிங் கற்றுக்கொண்டது இந்த ஒரு பதிலுக்காகத்தான். ஆர்வம், லட்சியம் என்று மேடையில் பேசுகிறார்களே, அதெல்லாம் எனக்குக் கிடையாது. வயிற்றெரிச்சல்தான். அடுத்த ஞாயிறே கோயம்புத்தூர் போய்ப் பழைய புத்தகக் கடையில் டிபேஸ் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். செங்கல் கனம், முழுக்க இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெசிந்தா ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் புத்தகமுமாக வாசித்துச் சொல்லுவாள், நான் கீபோர்டில் அடித்துப் பார்ப்பேன். எனக்குப் புரோகிராமிங் வந்தது அவள் குரலில்தான்.

முதல் புரோகிராமை எழுதி ஓட்டினோம். பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டு தள்ளியது. ஒன்றாம் எண் பெட்டி. அடுத்த சீட்டிலும் ஒன்றாம் எண் பெட்டி. அதற்கடுத்ததும் அதே. நிறுத்தத் தெரியவில்லை. பேப்பர் தரையில் குவிந்துகொண்டே போனது. சத்தம் கேட்டு முதலாளி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். நீங்கள் பெரிய ஐயா என்கிறீர்களே, அவர்தான்.

“ஏனுங்கம்மிணி, எல்லாப் பொட்டியும் ஒன்னாம் நெம்பருங்களா? கப்பல்காரன் சிரிக்க மாட்டானுங்களா?” என்று கேட்டுவிட்டு, பிரிண்டரின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் திட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெசிந்தா பக்கங்களைப் புரட்டிக் கண்டுபிடித்தாள். ஒரு வரியை முடித்ததும் அடுத்த வரிக்குப் போக ‘ஸ்கிப்’ என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. “அடுத்ததுக்குப் போன்னு நாம சொல்லலீங்கக்கா. சொன்னாத்தானுங்களே போகும்” என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாச் சீட்டும் ஒழுங்காக வந்தன. டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடினேன்.

இனி அந்தப் பூஜைக்கு வருகிறேன்.

தினமும் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஃபிளாப்பியில் பேக்கப் எடுப்பது ஜெசிந்தாவின் பொறுப்பு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு ஃபிளாப்பி, எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள். அவள் ஒரு நாளும் தவறியதில்லை. நீங்கள் பழைய ஃபிளாப்பியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்புச் சதுர உறை, உள்ளே மெல்லிய வட்டத் தட்டு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத் தட்டு பளபளவென்று தெரியும். கம்ப்யூட்டரின் டிரைவ் அந்த இடத்தில்தான் ஒரு முனையால் உரசிப் படிக்கும். விரல் பட்டாலே ஆகாது.

பூஜையன்று கட்டிங் மெஷின், ஓவர்லாக், அயர்ன் பாக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே முதலாளி தட்டோடு எங்கள் அறைக்கு வந்தார். பின்னால் மேனேஜர், சூப்பர்வைசர். மானிட்டருக்கு வைத்தார், கீபோர்டுக்கு வைத்தார், பிரிண்டருக்கு வைத்தார். பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

“இதுக்குள்ளதான் நம்ம கம்பெனியே இருக்குதுன்னு சொல்லுவீங்களே, அதானுங்களா இது? தொற கண்ணு.”

ஜெசிந்தா திறந்தாள். அவர் ஒரு ஃபிளாப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பொட்டு வைக்க நெற்றி மாதிரி ஓர் இடம் தேடினார். அந்தத் திறப்பு அவர் கண்ணில் பட்டது. சந்தனத்தில் விரலைத் தோய்த்தார்.

“அதுல கை படக்கூடாதுங்க” என்றாள் ஜெசிந்தா.

தெளிவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது. மேனேஜருக்குக் கேட்டது. சூப்பர்வைசருக்கும் கேட்டது.

“சாமி காரியத்துல குறுக்க பேசாத கண்ணு” என்றார் முதலாளி. ஜெசிந்தா மறுபடி, “உறை மேல வையுங்க ஐயா” என்றாள். “ஐயா, அவ சொல்றது செரிதானுங்க” என்று நானும் சொன்னேன். மேனேஜர் எங்கள் இருவரையும் முறைத்தார். முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து, பொறுமையாக, ஒன்றுவிடாமல், அந்தத் திறப்பில் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்துப் பெட்டியில் அடுக்கினார். கற்பூரம் காட்டினார். மெஷின்களுக்கு ஓய்வு என்பதால் அன்று எதையும் தொடக் கூடாது, அறையைப் பூட்டிவிட்டோம். திறந்ததும் கடையில் புது ஃபிளாப்பி வாங்கி, முதல் வேலையாகப் புது பேக்கப் எடுத்துவிடலாம் என்று நானும் ஜெசிந்தாவும் பேசிக்கொண்டோம்.

விடுமுறை முடிந்து, நான் புது ஃபிளாப்பிகளோடு வந்து சேர்வதற்குள் கன்சல்டன்ட் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். புரோகிராமில் ஏதோ புதிதாகச் சேர்க்கிறாராம். சோதனைக்குப் போட்டு வைத்த பழைய விவரங்களை அழிக்கிறேன் என்று ‘ஸாப்’ என்ற கட்டளையைக் கொடுத்தார். அது ஒரு ஃபைலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மூச்சில் துடைத்துவிடும். அவர் நின்ற இடம் சோதனை ஃபைல் இல்லை, நிஜ ஃபைல். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு தரம் கேட்கும். அந்தக் கேள்வியை அவர் முன்பே அணைத்து வைத்திருந்தார். கேள்வி கேட்டால் அவருக்கு எரிச்சல்.

பேக்கிங் விவரம் முழுதும் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டும். எந்தப் பெட்டியில் எந்தக் கலர், எந்த சைஸ் என்று பட்டியல் இல்லாமல் சரக்குக் கப்பலேறாது. வாயை ஒட்டி, மேலே கையால் எண் மட்டும் எழுதி அடுக்கிய பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன, சீட்டு இன்னும் அச்சாகவில்லை. எல்லாவற்றையும் பிரித்து எண்ணுவதென்றால் கப்பல் போன பிறகுதான் முடியும்.

“டோன்ட் வொர்ரி, பேக்கப் இருக்கே” என்று கன்சல்டன்ட் ஃபிளாப்பிப் பெட்டியை இழுத்தார். ஜெசிந்தா, “சார், அதுல சந்தனம்” என்று வாயெடுப்பதற்குள் முன்னால் இருந்த ஃபிளாப்பியை டிரைவில் செருகிவிட்டார். கரகரவென்று சத்தம். படிக்கவில்லை. எடுத்துவிட்டு அடுத்தது. அதுவும் கரகர. அடுத்தது.

“நிறுத்துங்க!” என்று நான் கத்தினேன். முதல் ஃபிளாப்பியின் சந்தனம் டிரைவின் முனையில் அப்பிவிட்டது. சேற்றுக்காலோடு வீடு முழுக்க நடக்கிற மாதிரி, அந்த முனை அடுத்தடுத்த ஃபிளாப்பிகளையும் கீறி நாசம் பண்ணிக்கொண்டிருந்தது. “பேனிக் ஆகாதீங்க மேடம்” என்றார். அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். கடைசியாக எடுத்த பேக்கப் பின்வரிசையில் இருந்தது. அது மட்டும் இன்னும் டிரைவுக்குள் போகவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள். ஒன்று பழுதானால் அதே இடத்தில் இன்னொன்றைச் செருகாதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் தைரியம் வேண்டும்.

முதலாளி ஓடி வந்தார். கன்சல்டன்ட் எழுந்து நின்று டையைச் சரிசெய்துகொண்டார். “ஃபிளாப்பியெல்லாம் ஒரே அழுக்கு சார். பேக்கப்ப மெயின்டெய்ன் பண்ணத் தெரியாதவங்க கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்” என்றார். அழித்தது தான் என்பதை அவர் வாய் சொல்லவேயில்லை.

முதலாளி ஜெசிந்தாவைப் பார்த்தார். “உன்ன நம்பித்தானே கண்ணு இந்தப் பொட்டியக் குடுத்தேன்.”

“ஐயா, அன்னிக்கு நீங்கதானுங்க...”

“போதும். நாளையிலிருந்து வர வேண்டாம். போயிரு.”

அவ்வளவுதான். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு அவசியம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இங்கே வேலை சரியில்லை என்று அனுப்பினால் வேறு எந்தக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும். மேனேஜர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இன்றைக்கும் அந்த இரண்டு ஆண்களின் முகத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“சந்தனம் வெச்சது நீங்கதானுங்க ஐயா” என்றேன்.

“சாமி மேல பழி போடறயா அம்மிணி?”

“சாமி வந்து வெரல வெக்கலீங்க. வெச்சது உங்க வெரலுங்க. அழிச்சது இவருங்க. அந்தப் புள்ள வேண்டாம்னு மட்டுந்தானுங்க சொல்லுச்சு.”

பெட்டியிலிருந்து அந்தக் கடைசி ஃபிளாப்பியை எடுத்துக் காட்டினேன். “இந்த ஒரு ஃபிளாப்பியிலிருந்து எடுக்க முடியுமான்னு நான் பாக்கறேனுங்க. ஆனா ஜெசிந்தா வராம நான் இதத் தொடமாட்டேன்” என்றேன். அவர் கன்சல்டன்ட்டைப் பார்த்தார். கன்சல்டன்ட் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்தார். “போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார் முதலாளி.

பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை.

“அக்கா, நான் வேண்டாம்னு சொன்னேனுங்கள்ல?”

“சொன்ன.”

“மேனேஜர் சாருக்கும் கேட்டுதுங்கள்ல?”

“கேட்டுது கண்ணு.”

பஸ் வந்தது, போனது. “அதுக்குள்ள இருக்கறதெல்லாம் நான் அடிச்சதுங்கக்கா. அது அழிய வேண்டாம். வாங்க” என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

நூல் வெட்டும் கத்தரியால் ஃபிளாப்பியின் உறையை ஓரமாக வெட்டினோம். உள்ளிருந்த தட்டை ஓரம் பிடித்து வெளியே எடுத்து, சுத்தமான தண்ணீரில் சந்தனம் போக அலசி, பனியன் துணியால் துடைக்காமல் ஒற்றி ஒற்றி உலர்த்தினோம். நான் வாங்கி வந்த புது ஃபிளாப்பி ஒன்றின் உறையைப் பிரித்து இதை அதற்குள் போட்டோம். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து டிரைவின் முனையைத் துடைத்தோம். ஆனாலும் இதை உடனே செருகவில்லை. முதலில் ஒரு காலி ஃபிளாப்பியைப் போட்டு, அது கீறாமல் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. பிறகுதான் இது.

படித்தது. அங்கங்கே முடியாது என்று நின்றது, அதை விட்டுவிட்டு மேலே போகச் சொன்னோம். வந்து சேர்ந்த ஃபைலில் நடுநடுவே சில வரிகள் குப்பையாக இருந்தன. அவற்றைப் பிரிக்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு வரியாகப் பார், பெட்டி எண் எண்ணாக இருக்கிறதா, சைஸ் நம் சைஸ்தானா, சரியென்றால் புது ஃபைலில் சேர், இல்லையென்றால் தனியே ஒதுக்கு. எழுதி முடித்து ஓட்டப் போனேன்.

“ஸ்கிப் போட்டீங்களாக்கா?” என்றாள் ஜெசிந்தா பின்னாலிருந்து.

போடவில்லை. அந்த நேரத்திலும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஒதுங்கி நின்ற சில பெட்டிகளை மட்டும் பிரித்து எண்ணினார்கள். மறுநாள் சீட்டும் பட்டியலும் அச்சாகி, லாரி சொன்ன நேரத்தில் கிளம்பியது. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா, சாமி கைவிடலீங்க” என்று எல்லோருக்கும் டீ சொன்னார். கன்சல்டன்ட்டுக்கும் ஒரு டீ. பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

“கோவத்துல சொல்லிப்போட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காத. எப்பவும் போல நாளைக்கு வந்துரு.”

“வாரேனுங்க ஐயா” என்றாள் ஜெசிந்தா. “பூஜையன்னிக்கு நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்னு மட்டும், எல்லாரும் இருக்காங்கள்ல, ஒருக்காச் சொல்லிருங்க. ஒரு வரிதானுங்க.”

மரியாதையாகத்தான் கேட்டாள். சுற்றிலும் மேனேஜர், சூப்பர்வைசர், கன்சல்டன்ட், பேக்கிங் ஆட்கள் எல்லோரும் டீ டம்ளரோடு நின்றார்கள். முதலாளிக்கு அந்த வரி நன்றாக ஞாபகம் இருந்தது, அவர் முகத்திலேயே தெரிந்தது. “அதெல்லாம் எதுக்குங்க கண்ணு இப்ப” என்றார். அவள் காத்திருந்தாள். அவர் டீயை ஊதினார். அவள் தன் டம்ளரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். நான் பஸ் ஸ்டாப் வரை போய்க் கெஞ்சினேன். வரவில்லை.

பிறகு கல்யாணமாகி உடுமலைப்பேட்டைப் பக்கம் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டுப் பூஜையில் முதலாளி ஃபிளாப்பிப் பெட்டியின் மூடியில் மட்டும் பொட்டு வைத்தார். வந்திருந்த விருந்தாளி ஒருவர் உள்ளே இருப்பதைத் தொடப் போனார். “அதுல கை படக்கூடாதுங்க” என்றார் முதலாளி, பெருமையாக. அதற்கப்புறம் ஒவ்வோர் ஆண்டும் சொன்னார். சர்வர் அறை கட்டியபோது பலகையாகவே எழுதி மாட்டிவிட்டார். “இது ஜெசிந்தா சொன்னதுங்களே ஐயா” என்று நான் கேட்டேன். “ஆரு சொன்னா என்ன அம்மிணி, நல்ல வார்த்தைதானே” என்றார்.

யார் சொன்னால் என்னவா? அவள் சொன்னபோது அது குறுக்குப் பேச்சு. அவர் சொன்னதும் பலகை. தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் அறையில் எல்லோரையும்விடப் புதிதாக வந்தவள் ‘வேண்டாம்’ என்றால், முதலில் கையை எடுங்கள். அவள் சொன்னது சரியா தப்பா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம். ‘நிஜமாவா சார்’ என்று கேட்ட அந்தப் பெண்ணிடம், நிஜமில்லை என்று நாளைக்கே சொல்லுங்கள்.

ஒரு வரியை அவர் சொல்லாததால் அன்று ஒருத்திக்கு வேலை போயிற்று. அதே வரியைத்தான் அவர் பெயரைப் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். அடுத்த பூஜைக்கும் நான் வருவேன். பெயரை மாற்றி எழுதி வையுங்கள். ஜெசிந்தா. மாற்றவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவரோடு வந்து பலகையை நானே கழற்றிக்கொண்டு போவேன்.